கேள்வி – பதில்: துத்தநாகத் தகட்டில் ஓர் ஆர்தர்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி, பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவின் கதைக்கு வரைந்த படம் ஒன்றைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தேன். 1893 வாக்கில் லண்டனில் பேனாவாலும் மையாலும் வரைந்த படம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் படங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆர்தர் கதை என்றால் குதிரை, கவசம், வாள்சண்டை என்று நினைத்திருந்தேன். நீங்கள் போட்ட படத்தில் ஆண் யார், பெண் யார் என்றே தெரியவில்லை. இருவரும் தூக்கக் கலக்கத்தில் நிற்பது போல இருக்கிறது. வரைந்தவர் ஏன் இப்படி வரைந்தார்?
— கல்லூரி மாணவி, மதுரை

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அது ஆர்தர் கதையில் வரும் வீரன் டிரிஸ்ட்ராம் காதல் பானத்தைக் குடிக்கும் காட்சி. கப்பலில் போகும்போது ஏதோ நல்ல மது என்று நினைத்து டிரிஸ்ட்ராமும் இசோல்டும் அந்தப் பானத்தைக் குடித்துவிடுகிறார்கள், அதன்பிறகு சாகிறவரைக்கும் ஒருவரை ஒருவர் விட முடியாது. வேறு ஓவியர் என்றால் வீரனுக்குத் தோளையும் மார்பையும் அகலமாகப் போட்டு, அவளுக்குக் கண்ணில் கொஞ்சம் நீரும் வைத்திருப்பார். பியர்ட்ஸ்லி இருவருக்கும் ஒரே மாதிரி முகம் கொடுத்தார். ஒரே விஷம் இரண்டு உடம்பில் ஏறியிருக்கும்போது முகம் எப்படி வேறுபடும்? நான் அப்படித்தான் அந்தப் படத்தைப் படிக்கிறேன்.

ஆள் யார் என்றால், 1872இல் பிரைட்டனில் பிறந்தவர். ஏழு வயதில் காசநோய் என்று தெரிந்துவிட்டது. பள்ளி முடிந்ததும் லண்டனில் லம்பார்ட் தெருவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. பகலெல்லாம் பேரேடு, இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படம். 1891இல் அக்கா மேபலைக் கூட்டிக்கொண்டு எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வீட்டுக்குப் போய்ப் படங்களைக் காட்டினார். பெரிய ஓவியர் அவர், ஆர்தர் கதைகளிலேயே வாழ்ந்தவர். நீ ஓவியனாகத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதன் பேரில் பியர்ட்ஸ்லி வெஸ்ட்மின்ஸ்டர் ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம் மாலை வகுப்புக்குப் போனார். முறைப்படி படித்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆபீஸுக்குப் பக்கத்தில் ஃபிரெடெரிக் எவன்ஸ் என்பவரின் புத்தகக் கடை இருந்தது. மதிய இடைவேளையில் அங்கே போய் நிற்பார், படத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் புத்தகம் வாங்கிக்கொள்வார். (இந்த எவன்ஸ்தான் பின்னாளில் தேவாலயங்களைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற புகைப்படக்காரர். பியர்ட்ஸ்லி நீண்ட விரல்களில் முகத்தைத் தாங்கியிருக்கும் பக்கவாட்டுப் படமும் அவர் எடுத்ததுதான்.) ஜே.எம். டெண்ட் என்ற பதிப்பாளர் தாமஸ் மாலரி எழுதிய 'லெ மோர்ட் டார்தர்' என்ற ஆர்தர் கதை நூலுக்கு ஓவியர் தேடிக்கொண்டு வந்தபோது எவன்ஸ் இந்தப் பையனைக் காட்டினார். மாதிரிக்கு ஒரு படம் கேட்டார்கள். ஆர்தரின் வீரர்கள் தேடிப்போகும் புனிதக் கிண்ணத்தை அடையும் காட்சியை வரைந்து கொடுத்தார், டெண்ட் அதைப் பார்த்து வேலையை ஒப்படைத்துவிட்டார். அது 1892 இலையுதிர்காலம், பியர்ட்ஸ்லிக்கு அப்போதுதான் இருபது. இன்ஷூரன்ஸ் வேலையை அதோடு விட்டார்.

நான் முப்பது வருடம் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தவன். படத்தைப் பார்த்ததும் 'இது லைன் பிளாக்' என்று தோன்றியது. அந்தக் காலத்திலேயே பிளாக் வந்துவிட்டதா? மரத்தில் செதுக்கித்தானே அச்சடித்தார்கள்?
— ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளர், சிவகாசி

ஐயா, எனக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது உங்களுடையது. உங்கள் கண் சொன்னது சரி, அது லைன் பிளாக்தான், அதாவது கோட்டுப் படத்தைக் கேமரா வழியாகத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி அமிலத்தால் அரித்து எடுத்த அச்சுக்கட்டை. அந்தப் படங்களின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் மரச் செதுக்கல்தான் அதற்கு முந்திய முப்பது நாற்பது வருடம் ஆட்சி செய்தது. ஓவியர் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தின் கட்டை மேலேயே வரைவார், இல்லையென்றால் படத்தை அதன்மேல் மாற்றுவார்கள். செதுக்குபவர் கோடுகளை விட்டுவிட்டு மீதியைக் குடைந்து எடுப்பார். கட்டைமேல் வரைந்த படம் அதோடு போய்விடும், கைக்குத் திரும்பி வராது. அதைவிட முக்கியம், காகிதத்தில் கடைசியாக நாம் பார்ப்பது ஓவியரின் கோடு இல்லை, செதுக்கியவர் புரிந்துகொண்ட கோடு. லண்டனில் டால்சியல் சகோதரர்கள் என்று பெரிய செதுக்குப் பட்டறை வைத்திருந்தார்கள். 1857இல் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதைகளுக்குப் படம் போட்ட பதிப்பு ஒன்று வந்தது. அதற்கு வரைந்த ஓவியர் ரோசெட்டி தன் படங்களை டால்சியல்கள் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பித் தீர்த்தார். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மை, பென்சில், வண்ணச் சுண்ணம் எல்லாம் கலந்து வரைந்து கொடுத்தால் உளியால் அதை எப்படிக் கொண்டுவருவது?

பிளாக் வந்ததும் இந்த இடைப்பட்ட கை விலகியது. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். படத்தைக் கேமராவில் எடுத்து நெகட்டிவ் போடுவார்கள், வேண்டிய அளவுக்குச் சுருக்கவும் செய்யலாம். ஒளிபட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் அந்த நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், கோடு இருக்கும் இடம் மட்டும் இறுகும். மை உருட்டிக் கழுவினால் கோட்டின்மேல் மட்டும் மை நிற்கும். அதன்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி, நைட்ரிக் அமிலத்தில் பலமுறை முக்கி எடுத்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகிவிடும். பெரிய வெள்ளைப் பரப்புகளை மெஷினால் குடைந்து எடுப்பார்கள். தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்தால், எழுத்தோடு சேர்த்து ஒரே ஃபாரத்தில் (அச்சுச் சட்டத்தில்) பூட்டி ஒரே அடியில் அச்சடிக்கலாம். நம் பத்திரிகைகளில் ஆஃப்செட் வருகிறவரைக்கும் கோட்டோவியங்கள் எல்லாம் இப்படித்தான் வந்தன. பழைய அச்சகம் ஒன்றைக் காலி செய்தபோது அப்படி ஒரு கட்டை என் கைக்கு வந்தது. விரலால் தடவினால் ஒரு பெண்ணின் புருவம் தட்டுப்படும், உள்ளே போன ஆசிட் பள்ளம் நகத்தில் இடறும். மேசையில் இப்போதும் இருக்கிறது.

சரி, பியர்ட்ஸ்லிக்கு வருவோம். லைன் பிளாக்குக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை. நீர்விட்டுக் கலைத்த மை, மங்கலான பென்சில் நிழல் எதுவும் அதில் ஏறாது. பல ஓவியர்கள் இதைக் குறையாகப் பார்த்தார்கள், அதனால் குறுக்கும் நெடுக்கும் நுணுக்கக் கோடு போட்டுச் சாம்பலை ஏமாற்றிக் கொண்டுவரப் பார்த்தார்கள். அச்சில் அது அடைத்துக்கொண்டு அழுக்காக வரும். பியர்ட்ஸ்லி நேர் எதிராகப் போனார். சாம்பலே வேண்டாம் என்று விட்டுவிட்டு, கறுப்பைப் பெரிய பெரிய பாளமாக வைத்தார், அதன் பக்கத்தில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டார், இரண்டுக்கும் இடையில் நடுங்காத ஒரே கோடு. ஜப்பானிய மரஅச்சுப் படங்களிலிருந்து கற்ற பாடமும் இதில் இருக்கிறது. ஆனால் தகடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று வரையும்போதே அறிந்து வரைந்த கை அது. 1893 ஏப்ரலில் 'தி ஸ்டூடியோ' இதழின் முதல் இதழிலேயே ஜோசஃப் பென்னல் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதி உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அந்த வருடமேதான் டால்சியல் சகோதரர்களின் தொழில் திவாலானது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. முதல் தொகுதியின் முகப்புப் படம், ஊற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஆர்தர் விசித்திர மிருகத்தைப் பார்ப்பது. அதன் வயிற்றிலிருந்து முப்பது ஜோடி வேட்டைநாய் குரைக்கிற சத்தம் வரும் என்கிறது கதை. அதில் அவர் முடியிழை போன்ற கோடுகளால் பக்கத்தையே மூடிவிட்டார். துத்தநாகம் அதைத் தாங்காது என்பதால் அந்தப் படத்தையும் இரண்டாம் தொகுதியின் முகப்பையும் நுணுக்கக் கோடுகளையும் தாங்கும் போட்டோகிராவூர் என்ற வேறொரு தகட்டு முறையில் தனியாக அச்சடித்துச் சேர்த்தார்கள்.

வில்லியம் மாரிஸ் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கோபப்பட்டார் என்று படித்தேன். மாரிஸ்தானே அழகான புத்தகம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தவர்? இருவரில் யார் பக்கம் நீங்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

கோபப்பட்டது உண்மை. மாரிஸ் 1891இல் ஹேமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கியவர். இயந்திரத்தில் தள்ளிவிடும் மட்டமான புத்தகங்களைப் பார்த்து மனம் நொந்து, கையால் செய்த காகிதம், தானே வடிவமைத்த எழுத்து, கைஅச்சு, மரத்தில் செதுக்கிய படம் என்று பழைய வழிக்குத் திரும்பினார். அதன் உச்சம் 1896இல் வந்த, பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல்தொகுப்பு. பர்ன்-ஜோன்ஸ் பென்சிலில் வரைந்த 87 படங்கள், அவற்றை இன்னொருவர் மைக்கோடாக மாற்ற, ஹூப்பர் என்ற கைதேர்ந்தவர் மரத்தில் செதுக்கினார். காகிதத்தில் அச்சிட்டது 425 பிரதி, விலை 20 பவுண்டு. சாதாரணக் குமாஸ்தா நினைத்தே பார்க்க முடியாத விலை.

டெண்ட் அதே தோற்றத்தை, மரம் செதுக்காமல், துத்தநாகத் தகட்டில், நடுத்தர வர்க்கம் வாங்குகிற மாதிரி பகுதி பகுதியாக விற்கலாம் என்று கணக்குப் போட்டார். 1893 ஜூனில் முதல் பகுதி, 1894இல் முடிந்தது. சாதாரணப் பிரதி 1500, கைக்காகிதத்தில் 300. முதல் பக்கங்களின் ஓரத்தைச் சுற்றி வரும் கனத்த கொடிக் கரையைப் பார்த்தால் கெல்ம்ஸ்காட் புத்தகம் என்றே தோன்றும். மாரிஸுக்குத் தன் வீட்டுச் சாமானை யாரோ தெருவில் கடை போட்ட மாதிரி இருந்திருக்கும். பியர்ட்ஸ்லியோ தன் கடிதம் ஒன்றில், மாரிஸ் செய்வது பழசை நகல் எடுப்பது, என்னுடையதுதான் புதுசு என்று எழுதினார். இருபது வயசுத் திமிர்.

நான் யார் பக்கம் என்று கேட்டால், புத்தகத்தைக் கையில் எடுத்தால் மாரிஸ் பக்கம், படத்தைப் பார்த்தால் பியர்ட்ஸ்லி பக்கம். மாரிஸின் பக்கத்தில் எழுத்தும் படமும் ஒரே கறுப்பு எடையில் இருக்கும், பாய் நெய்தது மாதிரி. டெண்டின் புத்தகத்தில் அந்தப் பொருத்தம் கிடையாது, எழுத்து மெலிந்து நிற்கும், படம் அதை அழுத்தும். ஆனால் அந்தக் கொடிக் கரைகளைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மாரிஸின் கொடி தோட்டத்துக் கொடி, ஆரோக்கியமாக வளரும். பியர்ட்ஸ்லியின் கொடிக்கு முள் இருக்கிறது, தண்டு தன்னையே முறுக்கிக்கொள்கிறது, பூக்கள் பழுத்து வெடிக்கப் போவது போல இருக்கின்றன. கணவனும் நண்பனும் மனைவியும் ஒருவரை ஒருவர் ஏமாற்றி ஒரு ராஜ்ஜியமே அழிகிற கதைக்கு எந்தக் கொடி பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் மாலரியின் கதையை முழுசாகப் படித்தாரா? சில படங்களில் கொம்பு முளைத்த ஆட்டுக்கால் மனிதர்கள் வருகிறார்களே, அவர்கள் ஆர்தர் கதையில் ஏது?
— பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி

கதையில் இல்லவே இல்லை. அவர்கள் கிரேக்கப் புராணத்து வனத்தேவர்கள். நடந்தது என்னவென்றால், வேலை அலுத்துவிட்டது. அத்தியாயத் தலைப்புகள், முதலெழுத்துகள், கரைகள், முழுப்பக்கப் படங்கள் என்று எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு மேல் வரைய வேண்டும். நடுவில் டெண்டுக்கே வேறு சிறு புத்தகங்களுக்கும் வரைந்துகொண்டிருந்தார், இருமல் வேறு. ஒரு கட்டத்தில் மாலரியை விட்டுவிடப் பார்த்தார், டெண்ட் கெஞ்ச, பியர்ட்ஸ்லியின் அம்மாவும் ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கச் சொல்லி வற்புறுத்த, ஒருவழியாக முடித்தார். பிந்திய பகுதிகளில் கதையைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை, தோன்றியதை வரைந்தார். பல தலைப்புப் படங்கள் திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் கேள்வியில் ஒரு வருத்தம் தெரிகிறது. எனக்கும் அது உண்டு, சில அத்தியாயங்கள் கைவிடப்பட்ட பிள்ளை மாதிரி நிற்கின்றன. ஆனாலும் படம் கதைக்கு எவ்வளவு அடங்க வேண்டும் என்பது பழைய வழக்கு. மேலே சொன்ன 1857 டென்னிசன் பதிப்பில் ஹோல்மன் ஹன்ட் என்ற ஓவியர், ஒரு கவிதையின் நாயகியான ஷாலட் சீமாட்டியின் கூந்தலைப் புயலில் பறப்பதுபோல வரைந்தார். கவிஞர் அவரிடமே கேட்டார், நான் அப்படி எங்கே எழுதினேன் என்று. ஹன்ட் சொன்ன பதில், உங்களுக்குச் சொல்லப் பல பக்கம் இருக்கிறது, எனக்கு இருப்பது அரைப் பக்கம், அதற்குள் எல்லாவற்றையும் உணர்த்த வேண்டும் என்ற பொருளில் இருந்தது. நான் ஹன்ட் கட்சி.

ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில் ஆங்கிலேயர்களுக்கு ஏன் திடீரென்று பழைய வீரர் கதைகள்மேல் ஆசை?
— வாசகர், யாழ்ப்பாணம்

ரயிலும் புகையும் வந்ததால்தான். தொழிற்சாலை நகரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காடும் கோட்டையும் வாக்குத் தவறாத வீரனும் தேவைப்பட்டார்கள். டென்னிசன் 1859 முதல் ஆர்தர் கதைகளை நெடுங்கவிதைகளாக எழுதிக்கொண்டே போனார், வீடுதோறும் படித்தார்கள். மாலரி 15ஆம் நூற்றாண்டுக்காரர், 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட புத்தகம் அது. மாலரியின் கதையில் ரத்தமும் துரோகமும் நிறைய, டென்னிசன் அதைக் கழுவித் துடைத்து வைத்தார். பியர்ட்ஸ்லி துடைத்ததைத் திரும்ப அழுக்காக்கினார் என்றும் சொல்லலாம்.

எனக்கும் இப்படி வரைய ஆசை. என்ன பேனா, என்ன மை? அவர் திருத்தமே இல்லாமல் ஒரே இழுப்பில் வரைந்தாரா?
— ஓவிய மாணவர், கும்பகோணம்

ஒரே இழுப்பு இல்லை தம்பி, இதை நினைத்து நீங்கள் தைரியம் கொள்ளலாம். அவர் வேலை செய்த விதத்தை நண்பர் ராபர்ட் ராஸ் எழுதி வைத்திருக்கிறார். முதலில் பென்சிலால் காகிதம் முழுக்கக் கிறுக்குவார், அழிப்பார், மறுபடி கிறுக்குவார், கத்தியால் சுரண்டுவார், காகிதமே புண்ணாகிவிடும். அந்தப் புண்ணின்மேல் தங்க நிப் பேனாவால் சீன மையில் கோடு போடுவார், பல சமயம் அடியில் இருக்கும் பென்சில் கோட்டை மதிக்காமலேயே. அச்சில் பார்க்கும்போது பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தது போலத் தெரிகிற கோடு, அத்தனை அடிபட்டு வந்தது.

நீங்கள் தொட்டு எழுதும் பேனாவும் நல்ல இந்தியன் இங்க்கும் வாங்கினால் போதும். காகிதம் வழவழப்பாக, கெட்டியாக இருக்கட்டும், சொரசொரப்பான தாளில் நிப் நார் பிடுங்கி மை கசியும். அச்சு அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள், சுருக்கும்போது கோடு இறுகும். ஆனால் சுருக்கிய பிறகும் உயிரோடு இருக்கிற அளவுக்குக் கோட்டுக்குத் தடிமன் வேண்டும். முகத்தில் தொடங்காதீர்கள். எங்கே முழுக் கறுப்பு வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, ஓரத்தைப் பேனாவால் கட்டி, உள்ளே தூரிகையால் நிரப்புங்கள். அப்புறம் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கறுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தால் உடனே தெரிந்துவிடும்.

அசல் படங்களை இப்போது எங்கே பார்க்கலாம்? உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு படம் எது?
— வாசகி, சென்னை

அசல்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆர்தரும் விசித்திர மிருகமும் இருக்கும் படம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. புத்தகம் காப்புரிமை தீர்ந்தது, முதல் பதிப்பின் பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். போனில் பார்க்காதீர்கள், பெரிய திரையில் பாருங்கள்.

பிடித்த படம் ஆர்தரின் ராணி கினிவியர் கன்னியாஸ்திரி ஆவது. ஆர்தர் போய்விட்டான், வட்டமேசை போய்விட்டது, காதலன் லான்சலாட்டை இனிப் பார்ப்பதில்லை என்று அவள் மடத்துக்குள் போகிறாள். படத்தின் பெரும்பகுதி அவளுடைய அங்கிதான், ஒரு சுருக்கம்கூட இல்லாத முழுக் கறுப்பு. முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை விட்டிருக்கிறார். அங்கிக்குள் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மண்டியிட்டிருக்கிறாளா நிற்கிறாளா என்று கறுப்பு காட்டிக் கொடுக்காது. சுற்றியிருக்கும் கரையில் மட்டும் பூக்கள், இன்னும் பூத்துக்கொண்டு. அதை வரையும்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட முழுசாக ஆகியிருக்காது. 1898 மார்ச்சில் பிரான்சில் மென்டன் என்ற ஊரில் இறந்தபோது இருபத்தைந்து.